உசிரு பிடி

மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்த வீட்டுக்கார ஆன்ட்டி எங்கள் கதவருகே நின்று, "ஏம்மா, உனக்கு வீசிங் இருக்கா?" என்று கேட்டார்.

நான் ஹாலில், கட்டுப்போட்ட காலை சோபாமேல் நீட்டி, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இல்லையே ஆன்ட்டி என்றேன். அவர் உள்ளே வந்து காலி பக்கெட்டைக் கீழே வைத்தார். மாடி அறையில் கொஞ்ச நாளாகவே ஒரு மூச்சுச் சத்தம் கேட்கிறது, இழுத்து இழுத்து விடுகிற மூச்சு, உன் வீட்டுக்காரர்தான் கம்ப்யூட்டரில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறார், டாக்டருக்கு அனுப்பத்தான் பதிவு பண்ணியிருக்கிறார் போல என்று நினைத்தேன் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "நடுவுல ஒரு இடத்துல நீ அழறம்மா" என்றார்.

ஆன்ட்டி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்ச்சில் பாடுகிறவர்களுக்குச் சுருதி பிசகினால் கண்ணை மூடிக்கொண்டே யாரென்று சொல்லிவிடுவார். என் குரல் என்று அவர் சொன்னால் அது என் குரல்தான். அவரிடம் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவர் கீழே போன பிறகு கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவன் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் அந்த அறை என் தலைக்கு நேர் மேலேதான் இருந்தது.

காக்ஸ் டவுனில் அந்தப் பழைய வீட்டின் முதல் மாடியில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். தெருவிலிருந்து ஏறி வருவதற்கு வெளிப்பக்கம் இரும்பில் ஒரு சுருள் படிக்கட்டு. வீடு பார்க்க வந்தபோது அந்தப் படிக்கட்டைப் பார்த்துத்தான் எனக்கு வீடு பிடித்தது. கணுக்கால் உடைந்த பிறகு அதே படிக்கட்டு என்னை வீட்டுக்குள் பூட்டிவிட்டது. ஊன்றுகோலோடு அதில் இறங்க முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். ஒவ்வொரு வளைவிலும் நாற்காலி கம்பியில் இடிக்கும். மற்ற நாட்களில் ஹால், படுக்கையறை, சமையலறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவரும் அதில் மாட்டிய ஏசி பெட்டியும். ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் எனக்கு வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம் என்று சொல்லிவிட்டார்கள். திரை உறைந்துவிட்டது, உள்ளேயும் போக முடியவில்லை, வெளியேயும் வர முடியவில்லை என்று யார் யாரோ என்னிடம் நாளெல்லாம் புகார் சொல்வார்கள். பதற்றப்படாதீர்கள் சார் என்று நான் சொல்வேன்.

என் கணவன் இதே ஊரில், ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்தவன். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம். எந்த வாக்கியத்தை எந்த மொழியில் ஆரம்பித்தான் என்று அவனுக்கே தெரியாது. நான் வாணியம்பாடியிலிருந்து வேலைக்காக வந்தவள். என் கன்னடம் காய்கறிக்கடையோடும் ஆட்டோவோடும் முடிந்துவிடும். அவன் வேலை செய்யும் இடத்தில் பழங்களை வெடிக்கவைக்கும் மொபைல் கேம் செய்கிறார்கள். அது சோறு போடுகிறது, அவ்வளவுதான் என்பான். அவனுக்கென்று சொந்தமாக ஒரு விளையாட்டு செய்ய வேண்டுமென்று ஆசை. சின்னதாக, ஒரே மூச்சில் விளையாடி முடித்துவிடக்கூடியதாக. செங்குத்தான மலையில் கயிறு கட்டி இறங்குவது, பாறைக்குப் பாறை தாவுவது, உயிரைப் பணயம் வைக்கிற அந்த மாதிரி சாகசம் பாதி. மீதிப் பாதி பேய்ப்படம் மாதிரி பயம். இரண்டும் சேரும் இடம் அவனுக்குப் பிடிபடவே இல்லை. மலை நன்றாக வரும், பேய் வராது. பேய் வந்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

என் கால் உடைந்த அந்த மலைக்கு நாங்கள் போனதே இந்த விளையாட்டுக்காகத்தான். கோலார் பக்கம், பெரிய பெரிய பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடக்க, நடுவில் இருக்கும் சந்துகளே குகையாகிவிட்ட ஒரு குன்று. படங்கள் எடுக்க வேண்டும், பாறைக்குள் சத்தம் எப்படிக் கேட்கிறது என்று பதிவு செய்ய வேண்டும் என்றான். நண்பன் ஒருவனிடம் கடன் வாங்கிய சின்ன கேமராவை என் ஹெல்மெட்டில் மாட்டினான். எங்கள் இருவரில் ஒல்லி நான்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் செயற்கைப் பாறைச் சுவர் ஏறப் பழகிக்கொண்டிருந்தவளும் நான்தான். வழிகாட்ட வந்த உள்ளூர்க்காரருக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. அவன்தான் இரண்டு பக்கமும் பேசிக்கொண்டு வந்தான்.

ஒரு சந்தில் கால்களை முதலில் விட்டுச் சறுக்கி இறங்க வேண்டியிருந்தது. வழிகாட்டி வேறு பக்கமாகச் சுற்றிக் கீழ்க்குகைக்குப் போய், அங்கிருந்து என்னைக் கூப்பிட்டார். நான் இறங்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் பாறை ஈரமாக இருந்த ஓரிடத்தில் பிடி நழுவிவிட்டது. கால் ஏதோ விளிம்பில் மோதி மடங்கிய சத்தம் எனக்கே கேட்டது. அதற்குக் கீழே கால்களுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. நெஞ்சில் மாட்டி நின்றுவிட்டேன். வலது கை தலைக்கு மேல். இடது கை உடம்போடு சேர்ந்து பாறைக்கும் எனக்கும் நடுவில். முகத்துக்கு முன்னால் பாறை, கன்னம் அதில் பட்டுக்கொண்டிருந்தது. தலையைத் திருப்ப முடியாது, நிமிர்த்த மட்டும் முடியும். நிமிர்த்தினால் மேலே ஒரு கீற்று வானமும் அதை மறைத்துக்கொண்டு அவன் முகமும்.

அவன் பேசிக்கொண்டே இருந்தான். ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது, ஆள் வருது, கையை அசை, இல்ல அசைக்காத, தண்ணி வேணுமா, என்னைப் பாரு. ஒவ்வொரு வார்த்தையும் அந்தச் சந்துக்குள் விழுந்து, இருக்கிற கொஞ்சக் காற்றையும் எடுத்துக்கொள்வதுபோல் எனக்கு இருந்தது. ஒரு கட்டத்தில், "தயவுசெஞ்சு பேசாத" என்றேன். அவன் நிறுத்திவிட்டான்.

வழிகாட்டி இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு கீழிருந்து ஏறி வந்தார். உடையாத காலின் அடியில் தன் தோளைக் கொடுத்தார். "உசிரு பிடி மேடம்" என்றார்.

உயிரைப் பிடித்துக்கொள் என்று எனக்குக் கேட்டது. அந்த இடத்தில் வேறு எப்படிக் கேட்கும்? பிடித்தேன். நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அவர் கீழிருந்து உந்தினார். விரிந்த நெஞ்சு பாறையோடு பாறையாக இறுகியது. நான் நகரவில்லை. விட்டார். மறுபடி, "உசிரு பிடி, உசிரு பிடி". மறுபடி பிடித்தேன். மறுபடி உந்தினார். அப்படி உந்தியதில் ஒரு தடவை விலா எலும்பு விரிசல் விட்டது. ஏன் இந்த மனிதர் என்னைப் பாறைக்குள்ளேயே அறைகிறார் என்று நினைத்தேன். மேலே பார்த்தேன். அவன் முகம் அங்கேயே இருந்தது. வாயைத் திறந்தான், மூடினான்.

எத்தனை தடவை அப்படி நடந்தது என்று தெரியாது. வெயில் சந்துக்குள் ஒரு பக்கப் பாறையில் விழுந்து, மறு பக்கத்துக்குப் போய்விட்டது. கடைசியில் பிடித்துவைக்க என்னிடம் மூச்சே இல்லை. அழுகையோடு சேர்ந்து எல்லாக் காற்றும் வெளியே போனது. அந்த நேரம் பார்த்து அவர் உந்த, உடம்பு வழுக்கிக்கொண்டு மேலே வந்தது. அவன் என் வலது மணிக்கட்டைப் பற்றி இழுத்தான்.

மலையடிவாரத்தில் ஆம்புலன்சுக்குக் காத்திருந்தபோது வழிகாட்டி வருத்தமாக ஏதோ சொன்னார். என் கணவன் அதை எனக்குச் சொல்லவில்லை. வண்டியில் கூட வந்த நர்ஸ்தான் தமிழில் சொன்னாள்: கன்னடத்தில் உசிரு என்றால் மூச்சு. 'பிடி' என்று எனக்குக் கேட்டதற்கு விடு என்று அர்த்தம். அவர் மூச்சை விடு, மூச்சை விடு என்று கத்தியிருக்கிறார். நான் அத்தனை தடவையும் இழுத்துப் பிடித்திருக்கிறேன். வலியோடு சிரித்தேன். பல நாள் எல்லோரிடமும் அதை ஒரு வேடிக்கையாகவே சொன்னேன். அம்மா போனில் கேட்டபோதும் அப்படித்தான் சொன்னேன். அந்தக் கதையை நான் சொல்லும்போதெல்லாம் அவன் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவான். ஏன் என்று நான் அப்போது யோசித்ததில்லை.

ஆன்ட்டி கேட்டுவிட்டுப் போன அடுத்த சனிக்கிழமை காலை, அவன் மார்க்கெட்டுக்குக் கிளம்பினான். கீழே அவன் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டதும் நான் மொட்டை மாடிப் படிக்கட்டுக்குப் போனேன். அது சிமெண்ட் படி, கைப்பிடி கிடையாது. முதல் படியில் உட்கார்ந்து, கைகளை ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்கி அடுத்த படியில் வைத்து, கட்டுப்போட்ட காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு ஏறினேன். விலா ஒவ்வொரு படிக்கும் குத்தியது. மேலே போய்ச் சேர்ந்தபோது நைட்டி முழுக்க சிமெண்ட் தூசி.

தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட சின்ன அறை. கம்ப்யூட்டரை அவன் அணைத்திருக்கவில்லை. விளையாட்டு திரையில் நின்றுகொண்டிருந்தது. நாற்காலியில் ஏறி உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினேன்.

முதல் பாதி எனக்குத் தெரிந்ததுதான், ஆனால் எவ்வளவோ நன்றாக வந்திருந்தது. கயிற்றில் தொங்கி ஊசலாடி அடுத்த பாறையைப் பிடிக்க வேண்டும், சரிவில் சறுக்கி, விளிம்பில் எம்பிக் குதிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் ஏறியது. கிடார் சத்தம். நானே கொஞ்ச நேரம் மறந்துபோய் விளையாடினேன். பிறகு ஒரு தாவலில் பிடி தவறி, அந்த உருவம் சந்துக்குள் விழுந்தது. கிடார் நின்றது. மதிப்பெண்கள் திரையிலிருந்து மறைந்தன. காதுக்குள் என் மூச்சு.

இதில் செய்ய ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒரு பட்டனை அழுத்தினால் மூச்சைப் பிடிப்பது, கையை எடுத்தால் விடுவது. கீழேயிருந்து குரல், "உசிரு பிடி" என்றது. அதே குரல், அந்த வழிகாட்டியுடையது. கேமரா எல்லாவற்றையும் பதிவு செய்திருந்தது. எனக்கு அர்த்தம் தெரியும். என்ன செய்ய வேண்டும் என்றும் தெரியும். ஆனாலும் விரல் பட்டனை அழுத்தியது, அழுத்தியபடியே இருந்தது. திரையில் பாறை இரண்டு பக்கமும் நெருங்கியது. மேலே பார்த்தேன்.

மேலே, வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ஒன்று நின்றது. அதுதான் அவனுடைய பேய். நகமில்லை, பல்லில்லை, கண் சிவக்கவில்லை. கறுப்பாக ஒரு உருவம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. நான் மூச்சைத் தவறாகப் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் அது இன்னும் கொஞ்சம் குனிந்து, வாயைத் திறந்து, ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டது. அதற்கு வழி தெரியும் என்பது அது நிற்கிற விதத்திலேயே தெரிந்தது. சொல்லப்போகிறது, இதோ சொல்லப்போகிறது என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. பாறை மூடித் திரை இருண்டது. மறுபடி முதலிலிருந்து அதே சந்து.

அப்போதுதான் அது என் தலைக்குள் இறங்கியது. அவனுக்குக் கன்னடம் தெரியும். வழிகாட்டி சொன்ன முதல் தடவையே அவனுக்குப் புரிந்திருக்கும். நான் தப்பாகப் புரிந்துகொண்டதையும் மேலே இருந்து பார்த்திருப்பான். இவ்வளவு நாளும் நான் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த கதையில் அவனும் ஒரு ஆளாக அங்கே நின்றான் என்பதை நான் யோசித்தே பார்க்கவில்லை.

ஹெட்போன் போட்டிருந்ததால் வண்டி வந்த சத்தம் கேட்கவில்லை. அறை திடீரென்று இருட்டானதும் திரும்பினேன். வாசலை அடைத்துக்கொண்டு அவன் நின்றான், கையில் கீரைக்கட்டு நீட்டிக்கொண்டிருக்கும் பையோடு.

அப்படியே நிற்காமல் உள்ளே வா என்றேன். வந்து தரையில் உட்கார்ந்தான். எப்படி ஏறி வந்தாய் என்று கேட்டான்.

"அவரு என்ன சொல்றாருன்னு உனக்குத் தெரியும்" என்றேன்.

"தெரியும்."

அவன் பையை இறக்கி வைக்கவே இல்லை. அவனுக்காக ஒரு காரணத்தை நானே தேடிக் கொடுத்தேன். "நான்தான் பேசாதன்னு சொன்னேன். அதனாலதான் நீ பேசல."

அவன் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நான் நம்பியிருப்பேன், நம்பத்தான் விரும்பினேன். ஆனால், "இல்ல" என்றான். "நீ மூச்ச விட்டா இன்னும் கீழ போயிடுவியோன்னு பயமா இருந்துச்சு. நான் சொல்லி நீ போயிட்டா, நான் சொன்னதா ஆயிடும். அதான் சும்மா நின்னேன்."

திரையில் அந்த உருவம் இன்னும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. நான் கம்ப்யூட்டரை அணைத்தேன். என் மூச்சை இதிலிருந்து எடுத்துவிடு என்று சொன்னேன். சரி என்றான். கீழே இறங்க உதவ வந்தான். வேண்டாம் என்று, ஏறிய மாதிரியே உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். அவன் இரண்டு படி தள்ளிப் பின்னாலேயே வந்தான்.

கோபித்துக்கொண்டு கிளம்பிப் போகிறவர்கள் மேல் எனக்கு அந்த நாட்களில் பொறாமையாக இருந்தது. எனக்குக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போகக் கால் இல்லை. அவன் போட்ட டீயைத்தான் குடிக்க வேண்டும். குளிக்கப் போகும்போது கட்டின்மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுவது அவன்தான். அவன் குனிந்து அதைச் சுற்றும்போது நான் குழாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தேவையானதை மட்டும் பேசினோம். உப்பு போதுமா. ஃபேன் வேண்டுமா. படுத்துக்கொண்டால் அறையின் சுவர்கள் பக்கத்தில் வந்துவிட்ட மாதிரி இருக்கும். எழுந்து உட்கார்ந்து, மூச்சை வெளியே விட்டு விட்டுப் பார்ப்பேன். அம்மாவிடம் சொல்லலாமென்று போனை எடுப்பேன். என்னவென்று சொல்வது? அடித்தானா, குடித்தானா, வேறு ஒருத்தியோடு போனானா? ஒரு பாறைக்கு மேலே நின்றான், அவ்வளவுதான். வைத்துவிடுவேன்.

என் மூச்சை அவன் அன்றே எடுத்துவிட்டான். அதற்குப் பதில் தன் மூச்சைப் பதிவு செய்வதற்காக, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் நுழைந்து உட்கார்ந்துகொண்டதாகப் பிறகு சொன்னான். அந்த மூச்சையும் கேட்டுவிட்டு வந்து ஆன்ட்டிதான் சொன்னார், வீசிங் இப்போது உன் வீட்டுக்காரருக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது, ரெண்டு பேரும் ஆவி பிடியுங்கள் என்று. அவர் போன பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. சமையலறையில் அவனும் சிரித்தது கேட்டது. உடனே இரண்டு பேரும் நிறுத்திக்கொண்டோம்.

கட்டுப் பிரித்த அன்று ஆட்டோவில் திரும்பி வரும்போது, விளையாட்டு எப்படி முடிகிறது என்று கேட்டேன். அவன் ஆச்சரியமாகப் பார்த்தான். சந்திலிருந்து வெளியே வந்ததும் அந்த உருவம் மறைந்துவிடும், மலை, வானம், பெயர்கள், முடிந்தது என்றான்.

"மறையக் கூடாது" என்றேன். "வெளிய வந்த அப்புறமும் அது அங்கதான் இருக்கணும்."

அன்றிலிருந்து மாடியறைக்கு நானும் போக ஆரம்பித்தேன். பாறை கன்னத்தில் படுகிற இடம் இப்படி இருக்காது, வெளிச்சம் இந்தப் பக்கமிருந்து வரும், பயம் நெஞ்சில் வராது முதலில் தொடையில்தான் வரும் என்று சொல்வேன். அவன் மாற்றுவான். வேலையைப் பற்றிப் பேசிப் பேசியே மற்றதைப் பேசாமல் இருக்க இரண்டு பேருக்கும் வசதியாக இருந்தது. கடைசியில் அந்த உருவம் வாயைத் திறந்து ஒரு வார்த்தையாவது சொல்லலாமா என்று அவன் கேட்டான். அதைப் பற்றி மட்டும் நிஜமாகவே சண்டை போட்டோம். சொல்லக் கூடாது என்றேன் நான். சொல்லாமலேயே விட்டோம். இப்போது விளையாடுகிறவர் வெளியே வந்து பாறைமேல் உட்காருவார். அது கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம், அல்லது தனியாக மலையிறங்கிப் போய்விடலாம்.

சின்ன விளையாட்டுகளை இலவசமாகப் போடுகிற ஒரு தளத்தில் அதைப் போட்டான். பெரிய பேரெல்லாம் வாங்கவில்லை. எங்கெங்கோ இருந்து சிலர் விளையாடினார்கள். பேய் கடைசிவரை ஒன்றுமே செய்யவில்லை, இது என்ன பயம் என்று ஒருவர் எழுதியிருந்தார். இன்னொருவர், ஒன்றும் செய்யாததுதான் தாங்கவில்லை, பாதியில் அணைத்துவிட்டேன் என்று எழுதியிருந்தார். இரண்டையும் அவன் எனக்குப் படித்துக் காட்டினான். இரண்டாவதைப் படிக்கும்போது குரல் தடுமாறியது. நான் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தேன்.

நாங்கள் பிரியவில்லை. அதை யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் செயற்கைச் சுவர் ஏறும் இடத்துக்கு மறுபடி போகிறேன். அவன் வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, எதிரே டீக்கடையில் உட்கார்ந்துகொள்கிறான். உள்ளே நான் விழாமல் கீழே நின்று எனக்குக் கயிறு பிடிப்பது பொம்மசந்திராவில் ஒரு மருந்து ஃபேக்டரியில் வேலை செய்கிற ஒரு பெண். தமிழில் கத்துவாள், நன்றாகக் கத்துவாள். வெளியே வந்ததும் எவ்வளவு உயரம் ஏறினாய் என்று அவன் கேட்பான், சொல்வேன். கயிற்றை நான் பிடிக்கட்டுமா என்று அவன் இதுவரை கேட்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.